எங்கட ஆள் கண்டுபிடித்த கல்

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் ஆனந்த குமாரசுவாமியைப் பற்றி இரண்டு வரி தெரிந்திருக்கும். ஒன்று, அவர் கலாயோகி. மற்றது, தோரியனைற்று என்ற அரிய கனியத்தை இலங்கையில் கண்டுபிடித்தவர். எங்கள் காலத்துப் பொது அறிவுப் போட்டிகளில் இந்த இரண்டாவது வரி தவறாமல் கேள்வியாக வரும். கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் தோரியனைற்று எப்படி இருக்கும் என்று தெரியாது. பெயர் தெரிந்தால் புள்ளி கிடைத்துவிடும். அதற்குப் பின்னால் ஒரு பெருமையும் இருந்தது. குமாரசுவாமியின் பேரனார் கேற் முதலியார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி வடமராட்சியில் கெருடாவிலைச் சேர்ந்தவர். தகப்பன் சேர் முத்துக்குமாரசுவாமி. இராமநாதனும் அருணாசலமும் மைத்துனர் முறை. ஆகவே பிறந்தது கொழும்பிலும் வளர்ந்தது இங்கிலாந்திலும் என்றாலும் ஆள் எங்கட ஆள். இந்த உரிமை கோரலில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் கோருகிற பொருள் பிழை என்று வரவர உறுதியாக எண்ணத் தொடங்கியிருக்கிறேன். தோரியனைற்றை அவர் கண்டுபிடித்தார் என்பது பாதி உண்மைகூட இல்லை, கால் உண்மை. அவர் முழு உரிமையோடு கோரக்கூடிய வேறொரு கனியம் இருக்கிறது. அதை நாங்கள் படிக்கவே இல்லை.

படிக்காமல் விட்டதற்கு எங்கள் நிலமும் ஒரு காரணமாக இருக்கலாம். குடாநாடு முழுவதும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய கல் அது. அதன் மேல் சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கம் செம்மண், கரையோரம் மணல். கிணறு வெட்டினாலும் கீரிமலைக் கேணியில் இறங்கினாலும் நிலாவரையை எட்டிப் பார்த்தாலும் கண்ணில் படுவது ஒரே கல்சைற்றுத்தான். காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்து ஆலை ஓடத் தொடங்கியதும் இந்தக் கல்லை நம்பித்தான். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நல்ல நிலம். கனியவியலாளனுக்கு அலுப்புத் தட்டும் நிலம். இரத்தினபுரியிலும் பலாங்கொடையிலும் வளர்கிற பிள்ளை ஆற்றுச் சரளையில் பத்து வகைக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கும். எங்களுக்குக் கனியம் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கும் பெயர்ப்பட்டியல். பெயரை மட்டும் தெரிந்து வைத்திருப்பவன், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்கமாட்டான்.

இத்தனைக்கும் தோரியம் எங்கள் வீடுகளுக்கு வந்து போயிருக்கிறது. பெற்றோமக்ஸ் விளக்கின் மான்டில் தெரியாத யாழ்ப்பாணத்தான் இல்லை. வெள்ளைப் பட்டு வலைபோல ஒரு சிறு பை. அதைக் குழாய் வாயில் கட்டி, தீக்குச்சி வைத்து எரித்துவிட்டால் துணி போய், தொட்டால் உதிர்கிற வெண்சாம்பல் கூடு மிஞ்சும். வெளிச்சம் தருவது அந்தக் கூடுதான். பழைய மான்டில்களில் அது கிட்டத்தட்ட 99 பங்கு தோரியம் ஒட்சைட்டு, 1 பங்கு சீரியம் ஒட்சைட்டு; இந்தக் கலவையைக் கண்டடைந்தவர் ஒஸ்திரிய வேதியியலாளர் அவுவர் பொன் வெல்ஸ்பாக். 1990இல் மின்சாரம் நின்றுபோன பிறகு, மண்ணெண்ணெய்க்கும் தடை வந்த வருடங்களில், வீட்டுக்கு ஜாம் போத்தல் விளக்கே போதும் என்றாகிவிட்டது. கல்யாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் மட்டும் எங்கேயாவது இரவல் வாங்கிய பெற்றோமக்ஸ் வரும். மான்டில் உடையாமல் அதைக் கொண்டுவந்து சேர்ப்பது தனி வித்தை. 1904இல் ஒரு கறுத்தக் கல்லுக்காக லண்டன் பரபரத்ததற்கும் இந்த மான்டில்தான் காரணம். ஐரோப்பிய நகரங்கள் எரிவாயு விளக்கில் இருந்த காலம் அது. தோரியம் எங்கே கிடைக்கும் என்று வியாபாரிகள் உலகம் முழுக்கத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கறுத்தக் கல் சப்பிரகமுவவில், பலாங்கொடைப் பக்கத்து ஓடைகளில் மாணிக்கச் சரளை அரிக்கும்போது கூடையின் அடியில் தங்கியது. நீரில் சுழற்றினால் பாரமில்லாதவை வழிந்துவிடும், இது அசையாது. அடர்த்தி தண்ணீரைப்போல 9 மடங்குக்கு மேல், அதாவது இரும்பைவிடப் பாரம். சிறு சிறு கனசதுரப் பளிங்குகள், விளிம்பு தேய்ந்தவை. ஹோலண்ட் என்பவர் அதைக் கவனித்து எடுத்தார். யுரேனினைற்று என்ற எண்ணத்தில்தான் அது லண்டனுக்குப் போனது. அந்த எண்ணம் முட்டாள்தனமானதல்ல. யுரேனினைற்றும் கறுப்பு, அதுவும் பாரம், அதுவும் கனசதுரம், அதற்கும் கதிரியக்கம் உண்டு. இரண்டின் உள்ளமைப்பும் ஒன்றேதான் என்பதும் ஒன்றில் யுரேனியம் இருக்கும் இடத்தில் மற்றதில் தோரியம் உட்கார்ந்திருக்கிறது என்பதும் பிற்காலத்து அறிவு. கண்ணாலும் தராசாலும் இவற்றைப் பிரிக்க முடியாது, வேதியியல் பகுப்பு வேண்டும். அதைச் செய்தது லண்டன் இம்பீரியல் இன்ஸ்ரிரியூற். அதன் பணிப்பாளர் வின்ட்ஹாம் டன்ஸ்ரன், முக்கால் பங்கு தோரியம் ஒட்சைட்டு இருக்கக் கண்டு 1904இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார். தோரியனைற்று என்ற பெயரும் அவர் வைத்ததே. 1905இல் டன்ஸ்ரனும் பிளேக்கும் சேர்ந்து முழு விவரிப்பை றோயல் சங்கத்தின் வெளியீட்டில் தந்தார்கள்.

குமாரசுவாமி இதில் எங்கே நிற்கிறார்? 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவையின் பணிப்பாளர் அவர்; தொடங்கும்போது வயது இருபத்தைந்து, இருபத்தாறு. அளவை நடந்தது இம்பீரியல் இன்ஸ்ரிரியூற்றோடு இணைந்துதான். தோரியனைற்று எங்கெங்கே கிடைக்கிறது, எந்தப் பாறையிலிருந்து வருகிறது என்று தேடி அறிக்கையில் எழுதுவது அவருடைய வேலை, அதைச் செய்தார். சரளையில் உருண்டு வந்த கல்லை அதன் தாய்ப்பாறைவரை பின்தொடர்வது சின்ன வேலையல்ல. ஒரு கனியம் எங்கே, எதோடு, எந்த நிலையில் பிறந்தது என்பதை வேறெதனாலும் சொல்ல முடியாது. ஆனால் கல்லை முதலில் எடுத்தவர் அவரல்ல. பகுத்தவரும் பெயரிட்டவரும் அவரல்ல. விவரித்த கட்டுரையில் ஆசிரியராகவும் அவர் இல்லை. இந்த நான்கும் இல்லாமல் கண்டுபிடித்தவர் என்று சொல்வது, பதவியில் இருந்தவருக்குப் பெயரைக் கொடுக்கும் எங்கள் பழைய பழக்கம்.

இனி அந்த மற்றக் கனியம். குமாரசுவாமி அளவைப் பணிக்கு வருவதற்கு முன்பே, சொந்த ஆர்வத்தில் இலங்கைப் பாறைகளைப் படித்தவர். 1900இல் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றியும், 1902இல் இலங்கையின் பளிங்குருச் சுண்ணாம்புக்கல் பற்றியும் லண்டன் புவியியற் சங்கத்தின் இதழில் எழுதினார். அந்தச் சுண்ணாம்புக்கல் வேதியியலில் எங்கள் கீரிமலைக் கல்லுக்கு உறவு, வயதிலும் வாழ்ந்த வாழ்க்கையிலும் வேறு. எங்களுடையது கடலடியில் படிந்ததோடு சரி. மலைநாட்டுக் கல் பூமிக்குள் ஆழப் புதைந்து, வெந்து, அழுந்தி, முற்றாக மறுபடி பளிங்காகி, பல பத்துக் கோடி ஆண்டுகளுக்குப் பின் மேலே வந்தது. அது பக்கத்துப் பாறையைத் தொடும் விளிம்பில் இரண்டின் பொருட்களும் கலந்து விசித்திரமான கனியங்கள் பிறக்கும். கண்டிப் பக்கத்தில் அம்பகொட்டேக்குக் கிட்ட கங்கப்பிட்டியவில் அப்படி ஒரு விளிம்பில், டயொப்சைட்டுக்கும் ஸ்பினெலுக்கும் நடுவே, நீலமான சிறு மணிகளைக் குமாரசுவாமி கண்டார். பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நுணுக்குக்காட்டியில் வைத்தால்தான் வேறுபாடு. மெல்லிய துண்டைத் திருப்பத் திருப்ப நிறம் வெளிர்மஞ்சட் பச்சையிலிருந்து நீலத்துக்குப் போய்த் திரும்பும். ஒவ்வொரு மணியும் இரட்டைப் பளிங்குகளின் மெல்லிய தட்டுகளை அடுக்கியதாகத் தெரியும். இப்படி நடந்துகொள்கிற கனியம் அதுவரை பட்டியலில் இல்லை.

பட்டியலில் இல்லை என்று சொன்னால் மட்டும் புதிய இனம் ஆகிவிடாது. பளிங்கின் சமச்சீர், அடர்த்தி, ஒளி அதற்குள் போகும் விதம், வேதியியற் சேர்மானம், கிடைத்த இடம், கூட இருந்த கனியங்கள் எல்லாவற்றையும் எழுதி, இன்னொருவர் தன் மேசையில் இருக்கும் கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியபடி அச்சில் வைக்க வேண்டும். மாதிரியும் ஒரு நூதனசாலையில் இருக்க வேண்டும், சந்தேகப்படுபவர் போய்ப் பார்ப்பதற்கு. குமாரசுவாமிக்குத் துணையாக வந்தவர் பிரித்தானிய நூதனசாலையின் ஜோர்ஜ் தர்லண்ட் பிரையர். பின்னாளில் விண்கற்களின் வேதியியலில் தன் பெயரில் விதிகளைப் பெற்ற அதே பிரையர். இந்த நீலக் கனியத்தில் கல்சியம், மகனீசியம், அலுமினியம், சிலிக்கனோடு போரனும் இருந்தது. அன்றைய பகுப்பாளனுக்குப் போரன் ஒரு தலைவலி. தீயில் பச்சையாகக் காட்டி, தான் இருப்பதைச் சொல்லிவிடும். எவ்வளவு என்று கேட்டால் பிடிகொடுக்காது. கையில் இருந்த சரக்கும் கொஞ்சம். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1903இல் ‘மினரலொஜிக்கல் மகசின்’ இதழில் வந்தது. அரபியர் இலங்கைக்குச் சொன்ன செரண்டிப் என்ற பெயரிலிருந்து கனியத்துக்குச் செரண்டிபைற்று என்று பெயர் வைத்தார்கள். இங்கே எடுத்தவர் குமாரசுவாமி, வேறென்று உணர்ந்தவர் அவர், எழுதிய இருவரில் ஒருவர் அவர். அதற்குப் பின் ஏறக்குறைய 30 வருடம், 1932இல் அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்து ஜோன்ஸ்பேர்க்கில் இரண்டாவது இடம் வெளிவரும் வரை, அந்தக் கனியத்துக்கு உலகத்தில் கங்கப்பிட்டிய ஒன்றே முகவரி.

இதைச் சொல்லும்போது வருகிற முதல் மறுப்பு எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் ஆய்வுகூடம் வைத்திருந்தான், அதனால் பெயர் வாங்கினான். எங்கள் ஆளுக்கு இருந்த ஒரு பெருமையையும் நீ பிடுங்குகிறாய். நான் பிடுங்கவில்லை, இடம் மாற்றி வைக்கிறேன். தோரியனைற்றுக்கு விலை இருந்தது, மான்டில் வியாபாரம் இருந்தது, ரேடியம் பற்றிய பரபரப்பு இருந்தது. அதனால் அது பேசப்பட்டது. செரண்டிபைற்றுக்கு ஒரு சதத்துக்கும் உபயோகமில்லை. ஆனால் இருபத்தைந்து வயதுப் பெடியன், முழு ஆங்கிலேயக் கனியவியல் உலகமும் பார்த்துக்கொண்டிருக்க, ‘இது உங்கள் பட்டியலில் இல்லை’ என்று சொல்லி நிரூபித்தது அங்கேதான். நாங்கள் அவருக்குச் சூட்டியது சந்தை மதித்த கல்லை. அவர் உழைத்த கல்லை அல்ல. அவருடைய பிற்கால எழுத்து முழுவதும் சந்தை மதிப்பை எதிர்த்து எழுந்தது என்பதை நினைத்தால் இது கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனதியானது, அதை இவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. கூடையின் அடியில் அந்தப் பாரக் கல்லை முதலில் உணர்ந்தது சப்பிரகமுவ மாணிக்கத் தொழிலாளியின் கை அல்லவா? இல்லம் என்று அவர்கள் சொல்லும் சரளைப் படையை எட்டும்வரை குழி வெட்டுகிறவர்கள், பாரத்தையும் நிறத்தையும் வைத்துக் கல்லைப் பிரிக்கிறவர்கள், தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறவர்கள். அவர்கள் கையில் தோரியனைற்று 1904க்கு முன்பு எத்தனை தடவை பட்டிருக்கும்! அப்படியென்றால் ஹோலண்டும் டன்ஸ்ரனும் கண்டுபிடித்தார்கள் என்பதும் பொய்தானே? இதற்கு நான் சொல்வது: அவர்கள் அறிந்திருந்தது உண்மை, அந்த அறிவு இல்லாமல் எந்த ஆய்வுகூடத்துக்கும் கல் போயிருக்காது. ஆனால் அந்த அறிவின் கேள்வி வேறு. இது விற்குமா, பட்டை தீட்டலாமா என்பது அவர்களின் கேள்வி; விற்காத கறுத்தக் கல்லை வீசிவிடுவது அவர்கள் கணக்கில் சரியான தீர்ப்பு. கனிய இனம் என்பது வேறொரு கேள்விக்கான விடை. கேள்வியை ஒத்துக்கொண்ட பிறகுதான் யார் முதலில் என்ற பேச்சுக்கே இடம் உண்டு. அதற்காக அந்தக் கைகளைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது. நூறு வருடக் கட்டுரைகளில் அவர்கள் ‘உள்ளூர் மாணிக்கம் தோண்டுவோர்’ என்ற ஒற்றைச் சொற்றொடராகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கேள்வி மாறும்போது கல் இனம் மாறுவதற்கு இலங்கையே நல்ல சாட்சி. 1945இல் டப்ளினில் றிச்சர்ட் டாஃப் என்ற இரத்தினவியலாளர் நகைக்கடையில் வாங்கிய பழைய கற்களுக்குள் வெளிர் ஊதாக் கல் ஒன்றைப் பார்த்தார். ஸ்பினெல் என்று விற்கப்பட்ட கல். ஆனால் அதற்குள் பார்த்தால் ஒவ்வொரு கீறலும் இரட்டையாகத் தெரிந்தது, ஸ்பினெலில் அப்படித் தெரியாது. 1.419 கரட் நிறையுள்ள, ஏற்கனவே பட்டை தீட்டி நகையில் இருந்த அந்தக் கல்தான் 1951இல் டாஃபைற்று என்ற புதிய கனியமாக விவரிக்கப்பட்டது. அதன் ஊர் இலங்கை என்று பின்னர் தெரிந்தது. மறு வருடம் சிங்களைற்று. மண்ணிற ஒலிவின் என்று எத்தனையோ காலம் விற்ற இலங்கைக் கல்லை எக்ஸ் கதிரில் வைத்து, ஒலிவினே அல்ல, மகனீசியமும் அலுமினியமும் சேர்ந்த போரேற்று என்று கிளரிங்புல்லும் ஹேயும் காட்டினார்கள். கல் மாறவில்லை. விற்றவர்கள், வாங்கியவர்கள், நூதனசாலை அலுமாரியில் பெயர் எழுதி வைத்தவர்கள் எல்லாரும் கையில் வைத்துக்கொண்டே காணாமல் இருந்தார்கள். இன்னும் ஒரு வருடம் தள்ளி, 1953இல், எகலியகொடைப் பக்கத்துச் சரளையில் கிடைத்த பச்சைக் கல்லில் ஏதோ வித்தியாசம் என்று இலங்கையர் ஏக்கநாயக்க சந்தேகப்பட்டார். தோரியம் நிறைந்த கல் அது. தன் கதிரியக்கத்தாலேயே உள்ளே பளிங்கு ஒழுங்கை இழந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. 1961இல் லண்டன்காரர் நால்வர் அதை விவரித்து ஏக்கனைற்று என்று சந்தேகப்பட்டவரின் பெயரையே வைத்தார்கள். விவரிப்பவர் தன் பெயரைத் தான் விவரிக்கும் கனியத்துக்கு வைக்கக்கூடாது என்பது இன்று சர்வதேசக் கனியவியற் சங்கத்தின் விதி. கண்டவருக்குப் பெயர், விவரித்தவருக்குக் கட்டுரை என்று ஏக்கனைற்றில் பங்கு பிரிந்தது நியாயமாகவே படுகிறது. தோரியனைற்றில் அப்படிப் பிரியவில்லை. ஹோலண்டின் பெயர் கனியத்திலும் இல்லை, எங்கள் பொது அறிவுப் புத்தகத்திலும் இல்லை.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: இதெல்லாம் பேரரசின் கொள்ளைக்கணக்கு, கல் போனது, பெயர் போனது, இலாபம் போனது, யார் கண்டுபிடித்தால் என்ன. கல் போனது மெய். லண்டனில் வில்லியம் ராம்சே பெருந்தொகையாகத் தோரியனைற்றை வாங்கிக் கரைத்தார். ஒவ்வொரு கிராமிலிருந்தும் சுமார் 9 கன சென்ரிமீற்றர் ஈலிய வாயு வெளிவந்தது. கதிரியக்கம் காலங்காலமாக உள்ளே அடைத்து வைத்த வாயு அது. அவருடைய ஆய்வுகூடத்துக்கு வந்த இளம் ஜேர்மனியர் ஒட்டோ ஹான், தோரியனைற்றிலிருந்து பிரித்த உப்பில் ரேடியம் எடுக்கப் போய், 1905இல் ரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டார். தொழிற்சாலை வேலைக்குப் போக இருந்தவர் அதோடு கதிரியக்கத்தில் நின்றுவிட்டார். 1938இல் யுரேனியக் கருப் பிளவுவரை போனார். ஸ்ட்ரட் என்பவர் அதே ஈலியத்தை அளந்து, இலங்கைப் பாறைகளின் வயது 20 கோடி ஆண்டுக்கும் மேல் என்று கணக்கிட்டார். பூமிக்கு அவ்வளவு வயதைக் கொடுக்கப் பலர் மனமில்லாதிருந்த நேரம். வியாபாரமோ நீடிக்கவில்லை: திருவிதாங்கூர்க் கரையில், மணவாளக்குறிச்சிப் பக்கம், கயிற்றோடு ஒட்டி வந்த மணலில் தோரியம் தரும் மொனசைற்று இருப்பதை ஷொம்பேர்க் என்பவர் 1909இல் கண்டதும், சில தொன் தோரியனைற்றை யார் தேடப் போகிறார்கள். கொள்ளைக்கணக்கை எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கையும் சரியாக எழுத, எது யாரிடமிருந்து போனது என்று பெயர் பெயராகத் தெரிந்திருக்க வேண்டும். ‘குமாரசுவாமி கண்டுபிடித்தார்’ என்ற ஒற்றை வரி அதற்கும் உதவாது.

குமாரசுவாமி 1906இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான கலாநிதிப் பட்டத்தோடு கனியவியலை விட்டார். அவர் கல்லை விட்டுக் கலைக்குப் போனார் என்று இரண்டு வாழ்க்கையாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். எனக்கு அவ்வளவு பிரிவு தெரியவில்லை. தோரியனைற்று கிடைத்த அதே பலாங்கொடைப் பக்கத்தில், ஹட்டரபாகேயில், கிராமத்தார் பழைய முறையில் இரும்பு உருக்குவதை அளவைக் காலத்திலேயே போய்ப் பார்த்தார். அலுத்நுவரவில் எஃகு செய்யும் முறையையும் பார்த்தார். தொழில் தெரிந்த சிலரே மிஞ்சியிருந்த காலம். உலையின் அமைப்பு, துருத்தி மிதிக்கும் விதம், எந்தத் தாது, எந்தக் கரி, எவ்வளவு நேரம் என்று கங்கப்பிட்டிய நீலக் கல்லுக்குக் காட்டிய அதே கவனத்தோடு எழுதி, 1908இல் வந்த தன் மத்தியகாலச் சிங்களக் கலை நூலில் சேர்த்தார். இரும்பு உருக்குவதைக் குமாரசுவாமி கண்டுபிடித்தார் என்று இதுவரை எவரும் சொன்னதில்லை.